மூன்று நாள் ராசி பார்த்த வைர அட்டிகை

முப்பதுகளின் நடுவில், தைப்பூசக் கூட்டம் கலைந்த மறுவாரம், பினாங்கில் நடந்தது இது. அப்போது நான் கடற்கரைத் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. தண்ணீர்மலைப் பக்கம் வாடகை வீடு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. வைரத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற வியாதி. காரணம், ஒரு பூதக்கண்ணாடி. கப்பலை விட்டு இறங்கிய மாலுமி ஒருவன் பாசாரில் விற்றுக்கொண்டிருந்தான். வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அன்றிலிருந்து என்னை நானே நிபுணனாக நியமித்துக்கொண்டேன். ஆபீசில் யார் மோதிரம் போட்டு வந்தாலும் கையைப் பிடித்திழுத்துக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு "ம்" என்பேன். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. ஆனால் மோதிரக்காரர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

என் மனைவியின் தங்கைக்கு நாகப்பட்டினத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பினாங்கு வந்த பிறகு மனைவி முதன்முறையாக ஊருக்குப் போகிறாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் அதே கப்பலில் போனதால் துணைக்குக் குறைவில்லை. வெறுங்கழுத்தோடு போய் இறங்கினால் அவளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், "மாப்பிள்ளை அங்கே என்னதான் செய்கிறார்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அதனால் ஒரு வைர அட்டிகை வாங்கிப் போட்டு அனுப்புவது என்று முடிவு செய்தேன். கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

சூலியா தெருவில் நாகூர்க்காரர் ஒருவர் கல் வியாபாரம் செய்துவந்தார். தெருவுக்கே அவர் "நானா", அதாவது அண்ணன். அவர் முன்னால் போய் உட்கார்ந்து கண்ணாடியை எடுத்தேன். நாலைந்து அட்டிகைகளைத் தள்ளிவிட்டு ஒன்றில் நின்றேன். சின்னச் சின்னக் கற்கள், நடுவில் தாமரை மொட்டு மாதிரி ஒரு பதக்கம். காக்கைக் கால் மாதிரிக் கீறல் இருக்கிறதா, கரும்புள்ளி இருக்கிறதா என்று கல் கல்லாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம்.

"ராசி பார்க்கணும், நானா."

"தாராளமா. மூணு நாள் வீட்டுல வச்சிருங்க தம்பி. ஒத்துக்கிட்டா வாங்க, ஒத்துக்கலேன்னாலும் வாங்க."

வைரம் வாங்குவதில் எங்கள் வழக்கம் இது. தெரிந்த வியாபாரி நம்பிக்கையின்பேரில் நகையைக் கொடுத்தனுப்புவார். மூன்று நாள் வீட்டில் இருக்கும். கெட்டது எதுவும் நடக்காவிட்டால் அது நம்முடையது. நடந்துவிட்டால் திரும்பிப் போகும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் நின்றாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாவது தடவை, "எனக்கு இதுவே போதுங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒரு நிபுணன் இருந்தானே!

"மூணு நாள் ஆகட்டும்" என்று வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

முதல் நாள், குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தேன். சோப்பைக் கீழே போட்டவனும் நான்தான் என்பதை அப்போது யாரும் நினைவூட்டவில்லை. இரண்டாம் நாள், துரையின் கடிதத்தின் மேல் மைக்கூட்டைக் கவிழ்த்தேன். மூன்றாம் நாள் மழை. ஒரு கையில் குடையும் ஒரு கையில் சைக்கிளுமாகப் போனவன், சூலியா தெரு முனையில் யாரோ போட்டிருந்த மோதிரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகச் சாக்கடைக்குள் இறங்கியது.

சொட்டச் சொட்ட வீடு வந்து, "மூணு நாள்ல மூணு!" என்றேன்.

மனைவி துண்டை நீட்டினாள். "போன மாசமும்தானே விழுந்தீங்க? அப்ப எந்த வைரம் வீட்டுல இருந்துச்சு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

பெட்டியை மூடும்போது அவள் பதக்கத்தை ஒரு தரம் விரலால் தொட்டாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் மறுநாள் காலையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானா முகம் மாறவில்லை. "நாளைக்கு வாங்க தம்பி, வேற பெட்டி எடுத்து வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் சிவப்புப் பட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்தார். பதக்கம் இல்லாத அட்டிகை. கண்ணாடியை எடுத்தேன். ஊதினேன், ஜன்னலோரம் கொண்டுபோனேன், ஒரு கண்ணை மூடினேன், மறு கண்ணை மூடினேன்.

"நானா, இதுதான் கல்லு! அந்தப் பழையதுல நீரோட்டம் செத்துக் கிடந்துச்சு. இது பாருங்க, தண்ணி மாதிரி ஓடுது."

"அப்படியா?" என்றார் நானா.

"விலை?"

"அதே விலைதான்."

"பதக்கமில்லாததுக்கு அதே விலையா?" என்று கேட்டுவிட்டு நானே பதிலும் சொன்னேன். "கல்லு உசத்தி. அப்படித்தான் இருக்கும்."

நானா தாடியைத் தடவிக்கொண்டார்.

மறுபடி மூன்று நாள். முதல் நாள் துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். மனைவிக்கு வந்த கடிதத்தில் எல்லோரும் நலம் என்றிருந்தது. மூன்றாம் நாள் அதே மழை, அதே குடை, அதே முனை, அதே சாக்கடை. இந்த முறை முழங்காலும் பெயர்ந்தது. சாக்கடைக்குள் உட்கார்ந்தபடியே கைகூப்பினேன். பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. கவனியுங்கள், நான் ரோட்டில் விழுந்திருந்தால்? வைரம் அல்லவா என்னைச் சாக்கடைக்குள் தள்ளிக் காப்பாற்றியது!

நொண்டிக்கொண்டே நானா கடைக்குப் போய், இந்தத் தத்துவத்தை அங்கிருந்த நாலு பேருக்கும் விளக்கிவிட்டு அட்டிகையை முடித்தேன். சூலியா தெருவில் அன்று என்னைவிட உயரமான ஆள் கிடையாது.

கப்பல் நாள் காலை. வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றுவிட்டது. மனைவியைக் கூப்பிட அறைக்குள் போனேன். அவள் சிவப்புப் பெட்டியின் பட்டுத்துணியைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே தாமரை மொட்டுப் பதக்கம். அட்டிகையின் நடுவில் இருந்த கொக்கியில் மாட்டினாள். 'டக்' என்று உட்கார்ந்தது.

"இது... அந்தப் பதக்கமில்ல?"

"பதக்கமும் அதுதான். அட்டிகையும் அதுதான்."

நான் அட்டிகையைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம், பக்கத்து வீட்டு அக்காவோடு மாரியம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் நானா கடையில் ஏறியிருக்கிறார்கள். நானா முதலில் மறுத்திருக்கிறார். "நான் பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி" என்றாராம். இவள், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் நானா. பதக்கத்தக் கழட்டி அடியில வச்சுட்டு, பெட்டிய மட்டும் மாத்துங்க. மிச்சத்த அவரே பேசிக்குவாரு" என்றாளாம்.

பேசிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் நானா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அத்தனையும் நானே சொல்லிக்கொண்டது.

வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். மூன்று தடவை என்னைக் கவிழ்த்த கல்லைப் போட்டுக்கொண்டு இவள் நடுக்கடலுக்குப் போகிறாளே!

"இத மட்டும் வச்சுட்டுப் போயேன். அடுத்த தடவை..."

"ஏங்க, விழுந்ததெல்லாம் நீங்க. கழுத்துல போட்டது நான். எனக்கு ஒரு நகம்கூட ஒடியல." சேலைத் தலைப்பை இழுத்து அட்டிகையை மூடிக்கொண்டாள். "நான் நல்லபடியா ஊர் போய்ச் சேந்துட்டா இது ராசி. சேரலேன்னா, நானாகிட்ட திருப்பிக் குடுக்க உங்களால முடியாது. அம்புட்டுத்தான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. படகில் ஏறிக் கப்பலை நோக்கிப் போகும்போதும் அவள் கை தலைப்புக்குள் அந்தப் பதக்கத்தின் மேலேயே இருந்தது.

"தந்தி குடு" என்றதற்கு, தந்தி என்றாலே ஊரில் சாவுச் செய்தி என்று அலறுவார்கள், கடிதம்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. நான் தினமும் சாயங்காலம் நானா கடையில் போய் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சே குடுத்துட்டீங்களே, நானா!"

"ரெண்டாந் தடவை விழுந்துட்டு வந்து இங்க என்ன சொன்னீங்க தம்பி? காப்பாத்துச்சுன்னு தானே? அதையே கடுதாசி வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டிருங்க லா. டீ குடிங்க."

கடிதம் வந்தது. சௌக்கியமாகச் சேர்ந்தாள், கல்யாணம் நன்றாக நடந்தது, கப்பலில் ஒரு நாள்கூட வாந்தி இல்லை. கடைசியில் இரண்டு வரி: "அட்டிகையை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யார் பார்த்து வாங்கியது என்று கேட்டார்கள். நீங்கள்தான் என்று சொல்லியிருக்கிறேன்."

அதைப் படித்தபோதுதான் வெட்கம் முழுசாக வந்தது. சாக்கடைக்குள் உட்கார்ந்திருந்தபோதுகூட அவ்வளவு நனையவில்லை.

இப்போது அந்தப் பூதக்கண்ணாடி பத்திரிகை படிக்க உதவுகிறது. அட்டிகை எங்கள் மகள் கழுத்துக்குப் போய்விட்டது. அவளுக்கு நாங்கள் ராசி பார்க்கவில்லை, கண்ணாடி முன்னால் அவள் எத்தனை நேரம் நின்றாள் என்று மட்டும் பார்த்தோம். நான் இன்னமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறேன், குளியலறையிலும் வாசற்படியிலும். ஒவ்வொரு முறையும் மனைவி துண்டை நீட்டும்போது எனக்கு ஒன்று தோன்றும்: என்னையும் யாராவது மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்த்திருந்தால் முதல் நாள் சாயங்காலமே திருப்பிக் கொடுத்திருப்பார்கள், இவள் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறாள்.