துவக்குக் குழலில் வெட்டிய பெயர்

அக்காவின் முப்பத்தோராம் நாளில் இம்மலரைக் கையில் எடுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். ‘ஒரே’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன்.

அக்கா ஒட்டுசுட்டானில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது இடைவெளி. அம்மா வயலில் நின்ற நாள்களில் எனக்குச் சோறூட்டியவரும் தலை பின்னிவிட்டவரும் அவரே. படிப்பில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. என் புத்தகங்களுக்கு உறை போடுவதில் இருந்தது. மடிப்பைப் பார்த்தே எது அக்கா போட்ட உறை, எது அம்மா போட்டது என்று சொல்லிவிடுவேன். அவருடைய கை எனக்கு அவ்வளவு பழக்கம்.

போர் ஊரைக் கலைத்தபோது அக்கா அத்தானோடு கனடா வந்து சேர்ந்தார். ரெக்ஸ்டேலில் ஓரறை வீட்டில் இருந்து, இரண்டு இடங்களில் வேலை செய்து, அம்மாவையும் என்னையும் அழைப்பித்தார். நான் நூலகராவதற்குப் படித்த ஆண்டுகளில் அவர் மார்க்கம் நகரில் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்றார். அந்தக் கடனை நான் தீர்க்கவில்லை. அவர் அதைக் கடன் என்று ஒருபோதும் சொன்னதுமில்லை.

அந்தத் தொழிற்சாலையில்தான் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்த மார்க்ரெட் அவருக்கு அறிமுகமானார். அக்காவின் வயதொத்தவர். ஒரு நாள், அலையலையாக வரியோடிய மேப்பிள் பலகை ஒன்றை, அலுமாரிக்கு ஆகாது என்று கழித்திருக்கிறார்கள். தன் தகப்பன் துவக்குச் செய்ய இத்தகைய மரத்தைத் தேடி அலைந்ததை மார்க்ரெட் சொல்ல, இருவரும் அதைக் காரில் ஏற்றி அக்கா வீட்டு கராஜுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். அக்காவின் முதல் துவக்கு அதில்தான் உருவானது.

துவக்கு என்றதும் முகம் சுளித்த உறவினர் பலர். அது இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய முறையிலான நீண்ட துப்பாக்கி. குழல்வாயில் வெடிமருந்தும் ஈயக்குண்டும் இட்டுத் தடியால் இடிக்க வேண்டும். தீக்கல் இரும்பில் உரசிப் பொறி பறக்க, அது வெடிக்கும். எங்கள் ஊர் வேட்டைக்காரரின் இடியன் துவக்குக்குத் தூரத்துச் சொந்தம் எனலாம். அரம், உளி, சுரண்டி, இவற்றால் மரத்தைச் செதுக்கி, இரும்பு கரைத்த அமிலத்தைப் பூசிச் சூடு காட்டுவார் அக்கா. பச்சையாகக் கிடந்த மரம் கண் முன்னே செம்மையேறி, அதன் வரிகள் எழுந்து வரும். அவர் சுட்டதெல்லாம் கடதாசி இலக்குகளை மட்டுமே.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், நீங்கள் இஞ்ச இருந்து துவக்குச் செய்யிறியள்” என்று நான் ஒருமுறை குற்றஞ்சாட்டினேன்.

“உது ஒருக்கா வெடிச்சா, திருப்பி மருந்து போட்டு இடிச்சு எடுக்கிறதுக்குள்ள கோவம் ஆறிப்போம் பிள்ளை. அந்தத் துவக்குகளும் உப்பிடி இருந்திருந்தா நாங்கள் இன்னும் ஊரில” என்றார் அக்கா.

உண்மையில் என் குறை துவக்கு அல்ல. சனிக்கிழமைகளில் மீன் வாங்கிக்கொண்டு நான் போவேன். கதவைத் திறப்பவர் அத்தானாக இருப்பார்.

“ரெண்டு பேரும் கராஜுக்குள்ளதான். மற்றவன்ரை மனிசியள் நகைக்கடைக்குப் போகுதுகள். என்ரை மனிசி துவக்குச் செய்யிது. சண்டை பிடிக்கவும் பயமாக் கிடக்கு.”

“நீங்களும் உள்ள போய் நிண்டு பாக்கலாம்தானே அத்தான்?”

“போனனான். லைற்றை மறைக்காதேங்கோ எண்டு கலைச்சுப்போட்டாள். உனக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான் பிள்ளை. வா, தேத்தண்ணி குடிப்பம்.”

கராஜ் கதவுக்கு அப்பால் அரம் தேயும் ஓசை கேட்கும். பிறகு இருவரும் சிரிப்பது கேட்கும். அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலம் சிறிது. மார்க்ரெட்டுக்குத் தெரிந்த தமிழ் “வாங்கோ”, “சாப்பிட்டியளோ” என்ற இரண்டே. இவற்றை வைத்துக்கொண்டு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. துவக்குச் செய்வோர் கூடும் இடம் ஒன்றில் அக்கா அவரைக் காட்டி “மை சிஸ்டர்” என்று சொன்னதாக அக்காவின் மகன் கவின் வந்து சொன்னான். அன்று நான் மீன் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். அக்கா வாசல் வரை வந்தார்.

“பொறாமையடி உனக்கு.”

“ஓம், பொறாமைதான்.”

“நல்லது. கொஞ்சம் இருக்கட்டும்” என்று சிரித்தபடி என் கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட்டார்.

அக்காவின் கடைசித் துவக்கு பாதியில் நின்றபோது நோய் அவருடைய விரல்களைப் பிடித்தது. முதலில் உளி நழுவியது, பிறகு கரண்டி. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டு வந்தோம். மார்க்ரெட் துவக்கின் மரத்தை மடியில் கிடத்தி, கட்டிலருகே இருந்து அதில் கொடியும் இலையும் செதுக்கினார். அக்கா கண்ணால் இடம் காட்டுவார். சில நாள்களில் மார்க்ரெட்டின் கைமேல் தன் கையை வைத்திருப்பார். நான் கஞ்சி காய்ச்சினேன். என்னிடம் கஞ்சி குடித்தார், அவரிடம் சிரித்தார். மரத்தில் கடைசிக் கொடி செதுக்கி முடிந்த வாரத்தில் அக்கா அமைதியாகக் கண்களை மூடினார்.

துவக்குச் செய்பவர் வேலை முடிந்ததும் குழலின் மேற்பட்டையில் தம் பெயரை வெட்டுவது வழக்கம். அக்கா தம் எல்லாத் துவக்குகளிலும் பெயரைத் தமிழிலேயே வெட்டினார். இந்தத் துவக்கின் குழல் மட்டும் வெறுமையாக இருந்தது. ஈமக்கிரியைகள் முடிந்த பின் கவின்தான் கேட்டான்: “சித்தி, யாருடைய name போடுறது? Like, அம்மா மட்டுமா, both of them-ஆ?”

“சித்தி சொல்லட்டும்” என்றார் அத்தான்.

நான் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கொடிகளை விரலால் தடவினேன். எந்த இலை அக்காவின் இலை, எது மற்றவருடையது என்று பிரித்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். பிரிக்க முடிந்தால் ஒரு பெயர் போதும் என்று வாதாடலாம். என்னால் முடியவில்லை. மார்க்ரெட்டிடமே கேட்டேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எனக்கும் இப்போது தெரியவில்லை” என்றார். பிறகு, “அவருடைய பெயரை மட்டும் வெட்டுவோம். நான் உளியைப் பிடித்தேன், அவ்வளவுதான்” என்றார்.

நான் வேண்டியது அதுவே. ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அது கைக்கு வந்ததும் எனக்கு அதில் மகிழ்ச்சி இருக்கவில்லை. இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கக்கூடியவர்மீது பொறாமைப்படுவது இன்னும் கடினமாக இருந்தது.

மார்க்ரெட்டுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே குழலில் வெள்ளைப் பூச்சிட்டு, அதன்மேல் பென்சிலால் நான் எழுதுவது, அவர் சிற்றுளியால் அதை வெட்டுவது என்று முடிவாயிற்று. சென்ற வாரம் அந்தக் கராஜுக்குள் முதன்முறையாக அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அக்காவின் பெயரை அவருடைய வழக்கமான வடிவிலேயே எழுதினேன். பிறகு சிறிது இடைவெளி விட்டு, இன்னொரு பெயரையும் எழுதினேன்.

“மற்றவற்றில் இது இவ்வளவு நீளம் இல்லையே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் மார்க்ரெட்.

“இது கடைசி என்பதால் ஊர்ப்பெயரையும் சேர்த்திருக்கிறேன்” என்றேன்.

அவர் நம்பினார். ஒவ்வோர் எழுத்தாகக் குனிந்து வெட்டினார். வளைவுகளில் மூச்சை நிறுத்தினார். கடைசி எழுத்தின் மேல் புள்ளியை வைத்துவிட்டு, இரும்புத்தூளை ஊதி, “உங்கள் ஊரின் பெயர் அழகாக இருக்கிறது” என்றார். நான் லைற்றை மறைக்காமல் தள்ளி நின்றுகொண்டேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் வீடு தேடி வந்த தாதியருக்கும், மருத்துவர்களுக்கும், உணவு சமைத்து அனுப்பிய அயலவருக்கும், குளிரிலும் பனியிலும் ஸ்கார்பரோவிலிருந்தும் பிக்கரிங்கிலிருந்தும் வந்து இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும், கடல் கடந்து தொலைபேசியில் அழுத சொந்தங்களுக்கும், அத்தானும் கவினும் நானும் கைகூப்பி நன்றி கூறுகிறோம்.

துவக்கு இன்று அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மலர் சாத்தக் குனியும்போது குழலில் உள்ளதை நீங்கள் எல்லோரும் வாசிப்பீர்கள், வாசிக்கவே எழுதினேன். அக்காவின் பெயரை அடுத்து வருவது எந்த ஊரும் அல்ல, அதை வெட்டியவரின் பெயரே என்பது உடனே தெரியும். மார்க்ரெட் வாசலில் நின்று உங்களை “வாங்கோ” என்று வரவேற்பார். அவரிடம் இதை மட்டும் ஒருவரும் சொல்ல வேண்டாம். அந்தக் கராஜுக்குள் அவருக்கும் அக்காவுக்கும் இடையில் நான் அறியாதது எவ்வளவோ இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் இடையில் அவர் அறியாதது இந்த ஒன்றாவது இருக்கட்டும்.