கழுத்தில் கட்டிய படங்கு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மஸ்கெலியா கடைவீதியின் மாடி மண்டபத்தில் விளக்குகளை அணைத்ததும் திரையில் முதலில் தெரிந்தது என் தங்கையின் படங்கு. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது ஈரம் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு அது. அதில் மஞ்சள் பெயின்டில் ஒரு மின்னல் வரைந்து, கதாநாயகன் கழுத்தில் கட்டியிருந்தான்.

படத்தை எடுத்தவர் தங்கையின் கணவர். கல்யாண வீடியோ எடுப்பது அவர் தொழில். சினிமாவில் பறக்கும் வீரர்களை நக்கலடித்துப் படம் எடுக்கிறேன் என்று இந்த வருடம் வந்த கல்யாணங்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். காட்சி நன்றாகப் போனால் மண்டபக்காரர் அடுத்த ஞாயிறும் இடம் தருவார். தந்தால் இரண்டாம் பாகம். அதற்கும் படங்கு வேண்டுமாம். தங்கை உரப்பையைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வீரன் பாறையிலிருந்து குதித்தான். பறக்காமல் தேயிலைச் செடிமேல் விழுந்தான். இது முதல் நகைச்சுவை. யாரும் சிரிக்கவில்லை.

"அடப்பாவி, செடிய ஒடைக்கிறான்!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"கண்டாக்கு ஐயா பாத்தாருன்னா இன்னிக்கி அரைப்பேருதான் போடுவாரு" என்றாள் பக்கத்தில் இருந்தவள், தோட்டத்து மேற்பார்வையாளரையும் அரைநாள் சம்பளத்தையும் நினைத்து.

அடுத்து மழைக் காட்சி. படங்கு முதுகில் படபடக்க, வீரன் தொப்பலாக நனைந்தான்.

"அத இடுப்புல கட்டச் சொல்லுங்கடி. கழுத்துல கட்டிக்கிட்டு நிக்கிறான், கூறு கெட்டவன்."

"இது என்னா படமாம்?"

"பறக்குற படம்."

"பறக்கவே இல்லையே!"

"காசு இல்ல போல. பாவம்."

மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "மச்சான், இது நக்கலுன்னு ஒருத்தருக்கும் வெளங்கல."

"நம்ம ஆளுங்க பாக்குற படத்துல ஹீரோ ஒரே குத்துல பத்துப் பேரப் பறக்கவிடுறான் மாப்ள. அத நம்பித்தான் பாக்குறாங்க. நீங்க எத நக்கலடிக்கிறீங்கன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"நீங்க பேப்பர்ல நல்லா எழுதுனா தெரிஞ்சிரும்."

இதை அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று, பத்திரிகைக்கு விமர்சனம் எழுதும் நானும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தேத்தண்ணீர் குடிக்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. மிச்சப் பேர் ஒரே ஒரு தடவை சிரித்தார்கள். வீரனின் தகப்பன் செத்துக் கிடக்கிறார். மூக்கில் ஈ உட்காருகிறது. செத்தவர் அதைக் கையால் தட்டிவிடுகிறார். படத்திலேயே நக்கல் இல்லாமல், உருக்கமாக அவர் எடுத்திருந்த காட்சி அது ஒன்றுதான். சிரிப்பு அடங்கும்வரை மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் மண்டபக்காரர் வந்தார். கீழே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி அவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம்; நயமாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்கொள்ளாதீங்க தம்பி. அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்குக் கேட்டாங்க. குடுக்கிறேன்டு சொல்லிட்டேன்." போகத் திரும்பியவர் நின்றார். "அவங்களுக்கு வீடியோவுக்கும் ஆள் இல்லையாம்."

மாப்பிள்ளை வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் சொல்றேன் நானா."

"இதுல யோசிக்க என்னா கெடக்கு?" பின்வரிசையிலிருந்து தங்கை எழுந்து வந்தாள். "வருவாருன்னு சொல்லிருங்க நானா." பிறகு கணவரிடம் கையை நீட்டினாள். "படங்கு எங்க?"

"பையில இருக்கு."

"மின்னலு கழுவுனாப் போகுமா?"

"எனாமல் பெயின்ட். போகாது."

"இத வரையிறப்ப அது தெரியலையாங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். நாளைக்கே எழுதிவிடுவீர்களா என்று என்னைக் கேட்டார். பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று மறுபடியும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை மழை பெய்தது. தங்கை அந்தப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். கழுத்தில் கட்டிய முனை கீழே தொங்க, மின்னல் தலைகீழாக இருந்தது.