விரலால் பார்த்த காற்று

பச்சைக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வெறும் சுவாசக் குழாய்தான் போடுவோம். வென்டிலேட்டர் தரும் காற்று ஓரமாகக் கசிந்தால் மட்டும், நுனியில் சின்னப் பலூன் வைத்த குழாய். அந்தப் பலூன் தொண்டைக்குள் உப்பி நிற்கும்; அதோடு இணைந்து வெளியே தொங்கும் இன்னொரு குட்டிப் பலூனை இரு விரலால் அமுக்கிப் பார்த்தே காற்று போதுமா என்று சொல்லிவிடுவோம். அளக்கிற மீட்டர் பெரியவர்கள் வார்டில் இருந்தது. போய் வாங்கி வராததற்குச் சோம்பல் காரணமில்லை, திமிர்தான். வேலூரில் பத்து வருடம் நர்ஸ் வேலை பார்த்த விரல் அல்லவா!

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம். மாதனூர்ப் பெண் ஒருத்தியின் மகள், பிறக்கும்போதே மூச்சுத் திணறி எங்களிடம் வந்தாள். தாய் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவள். காற்று கசிந்ததால் அவளுக்குப் பலூன் வைத்த குழாய்; அது இருக்கும்வரை குழந்தை அழுதாலும் சத்தம் வராது.

"இவ கொரலை நான் இன்னும் கேக்கவே இல்ல சிஸ்டர்" என்பாள் தினமும்.

ஒருநாள் நான் பலூனை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாங்களும் இப்டிதான் தோலை அமுக்கிப் பாப்போம். ஆனா அப்புறம் கேஜ் வச்சு அளந்து பாக்காம பாஸ் பண்ண மாட்டாங்க."

"இது இன்னா தோலாம்மா?" என்று சிரித்தேன். கசிவு காட்டி மெஷின் கத்திக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றினேன். கத்தல் நின்றது.

எட்டாம் நாள் குழாயை எடுத்தபோது, முதல் அழுகையைக் கேட்கட்டும் என்று அவளைப் பக்கத்தில் நிறுத்தினேன். குழந்தை வாயைத் திறந்தது. வந்தது கீச்சென்ற ஓர் இழுப்பு மட்டும். உதடு நீலமானது. மறுபடி குழாய். பலூன் அழுத்திய இடம் புண்ணாகிச் சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். கடைசியில் மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டார்கள். காற்று அதன் வழியே போய்விடுவதால் இனியும் அழுகைக்குச் சத்தம் வராது. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

துளையில் சளி உறிஞ்சுவதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நான் அசந்து தூங்கிட்டா, இவ அழுவறது எனக்கு எப்டி சிஸ்டர் தெரியும்?"

உறிஞ்சு குழாயைத் தண்ணீரில் அலசி வைத்தேன்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில் அவளே சலங்கை வைத்த கொலுசு வாங்கி வரச்சொல்லிக் குழந்தையின் காலில் மாட்டியிருந்தாள். குழந்தை முகம் சிவக்க, சத்தமில்லாமல் அழுது காலை உதைத்தது.

"இப்ப கேக்குது பாருங்க" என்றாள், என்னைத் தேற்றுவதுபோல.

காற்றை ஏற்றியது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "செக்கப்புக்கு மறக்காம வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.