திராட்சைத் தோட்டத்தில் அண்ணன்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. நான் செருப்புக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான்கு வருடமாக ஊர்ப்பக்கமே வராத அண்ணனை அழைத்துவரலாம் என்று, இரண்டு நாளைக்கு அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, எங்கள் ஊர் காவாந்தண்டலத்திலிருந்து பஸ் மாறி மாறி, தெற்கே மலைச்சரிவில் இருக்கும் அந்தத் திராட்சை ஊருக்குப் போனேன். பக்கத்து டவுனிலேயே பாதிப் பேருக்கு அந்த ஊரைத் தெரியவில்லை.

அறுப்பு நேரம். பந்தல் முழுக்கக் கருநீலக் குலைகள். பெண்கள் அண்ணாந்து கத்தரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒயின் ஆலையின் வண்டி ரோட்டில் காத்திருந்தது. அண்ணன் பந்தலுக்கடியில் இல்லை. கொட்டகை ஓரம் சாக்கின்மேல் உட்கார்ந்து, மழையில் வெடித்து அழுகிய பழங்களைக் குலையிலிருந்து கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வா பாப்பா" என்றான். எழுந்திருக்கவில்லை.

கிட்டே போனதும்தான் பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். வயிறு உப்பியிருந்தது. காலில் வீக்கம்.

"இன்னாண்ணா இது? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன். ஈரல் போச்சின்னாங்கோ. குடிச்ச குடிக்கு வேற இன்னா வரும்? நின்னு அறுக்க முடியல. அதான் இந்த வேல குடுத்துகிறாங்கோ."

வந்த காரியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று அவனே கேட்டான். சொன்னேன். கையிலிருந்த குலையில் நல்ல பழத்தையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டான்.

"வூட்டுக்கு வாண்ணா. ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன்."

"நீ ஒருத்தி இன்னா பண்ணுவே? என்னை இப்டிப் பாத்தா அம்மாவுக்குக் கீற உசுரும் பூடும். மேஸ்திரியா கீறான்னு சொல்லு."

சாயங்கால பஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுகல் கிள்ளினேன். விரலிடுக்கெல்லாம் ஈ மொய்த்தது.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மேஸ்திரி ஆகிவிட்டான், அறுப்பு முடிந்ததும் வருவான் என்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கோணிய வாயால் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நான் வேலையை விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை அம்மாவை யாரிடமும் விட்டுவிட்டுப் போக வழியில்லை. அண்ணனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அன்றும் கஞ்சி ஊட்டும்போது அம்மா கேட்டாள், "அறுப்பு முடிஞ்சிச்சாமா?"

"இன்னும் முடியலம்மா" என்றேன்.