இரண்டு கரண்டிக்கு மூன்று சொட்டு

முத்துராணி பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை நாற்பத்தொரு மதிப்பெண் எடுத்துத் தேறினாள். பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கச் சேர்ந்தவள், நான்காம் ஆண்டில் மருத்துவரின் இடப்பக்கம் நின்று கருவி எடுத்துக் கொடுத்தாள். பட்டம் வாங்கிய ஒன்பது பேர் வந்திருந்த நேர்காணலில், பல் ஆராய்ச்சித் திட்டத்தின் உதவியாளர் வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. 2023 டிசம்பரில் வெள்ளம் வந்து திட்ட அலுவலகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பிள்ளைகளின் ஆராய்ச்சித் தாள்கட்டுகளை ஒன்றுகூட நனையாமல் மாடிக்கு ஏற்றினாள். ஆழ்வார்குறிச்சியில் பீடி சுற்றும் வீட்டிலிருந்து போனவளுக்கு இவையெல்லாம் சின்ன வெற்றிகள் அல்ல. இத்தனையும் ஒரு சொட்டில் போய்விடும் என்று அவள் நடுங்கியது 2025 ஜூன் மாதத்தில்.

ஆராய்ச்சி இதுதான். துளைக்கும் இயந்திரம் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், பள்ளிக்கூட பெஞ்சில் பிள்ளையைப் படுக்க வைத்து, சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பல் சிமெண்ட் வைத்து அடைப்பது. அந்த அடைப்பு ஓராண்டு நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பல் அடைத்துவிடலாம். கங்கைகொண்டான், குலசேகரன்பட்டினம், ஆழ்வார்குறிச்சி என மூன்று ஊர்ப் பள்ளிகளைத் திட்டத்தை நடத்தும் டாக்டர் ஆன்லின் தேர்ந்தெடுத்திருந்தார். சிமெண்ட் கலக்குவது முத்துராணியின் வேலை. இரண்டு கரண்டித் தூளுக்கு இரண்டு சொட்டுத் திரவம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது; கூடினால் அடைப்பு வலுவிழக்கும்.

மற்ற இரண்டு ஊர்களிலும் குளிர்காலத்திலேயே வேலை முடிந்தது. ஆழ்வார்குறிச்சிக்குப் போனது 2024 மார்ச் கடைசியில். தகரக் கூரை போட்ட வகுப்பறை. கலந்த சிமெண்ட் வெக்கையில் டாக்டரின் கைக்குப் போவதற்குள் இறுகியது. டாக்டர் பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டார். தன் ஊரில், தன் அக்கா செல்லக்கிளியின் மகள் வரிசையில் நிற்கும்போது அப்படி ஒரு பேச்சு வாங்கியதில் முத்துராணிக்கு முகம் சுண்டிவிட்டது. மாவு இறுகினால் ஒரு கை தண்ணீர் தெளித்து இளக்குவதைத்தான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். மூன்றாவது சொட்டை விட்டாள். சிமெண்ட் வெண்ணெய் போல வந்தது. டாக்டர் அதன்பின் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் ‘அளவு சரி’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, உதவியாளர் என்ற இடத்தில் வழக்கம்போல ‘உ-2’ என்று எழுதினாள். திட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

ஓராண்டு கழிந்து, கோடை விடுமுறையும் முடிந்து, ஜூன் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, அதே பள்ளியில் அடைப்புகளைப் பார்க்கப் போனார்கள். முத்துராணி டார்ச் பிடித்தாள். பிள்ளைகள் அடைத்த வரிசைப்படி வரவில்லை; முதலில் வந்த பிள்ளை வாயைத் திறந்தது. அடைப்பு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி. இரண்டாவது பிள்ளைக்கும் குழி. ஐந்தாவது பிள்ளைக்கும் குழி. பத்தாவதற்கு மேல் அவள் வாய்களைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தை மட்டும் பார்த்தாள். அக்கா மகளின் கடைவாய்ப் பல்லில் பாதி அடைப்பு பெயர்ந்து, ஈறு வீங்கியிருந்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேன் ஓட்டுநர் சுடலையாண்டி சிரித்தார்.

“ஏளா முத்து, ஒங்க ஊருப் பிள்ளைய சிமெண்ட்ட முறுக்குன்னு நெனச்சி கடிச்சித் தின்னுட்டுதுவளோ?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

ஐம்பத்தெட்டு அடைப்புகளில் முப்பத்தொன்று போயிருந்தது. மற்ற ஊர்களில் ஐந்தும் ஆறும்தான். வெயில் கடுமையான ஊர்களுக்கு இந்த முறை ஒத்துவராது, பிள்ளைகளை நகரத்து மருத்துவமனைக்குத்தான் அழைத்துவர வேண்டும் என்று டாக்டர் அறிக்கை எழுதத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அது திட்டக் குழுவுக்குப் போய்விடும். முத்துராணியின் ஒப்பந்தம் அந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் தாளும் டாக்டரின் மேசையில்தான் கிடந்தது.

அவள் நினைத்துப் பார்த்தாள். எந்த வீட்டில் ஒரு நாள் பீடியை விட்டுவிட்டு, பேருந்து ஏறிப் பிள்ளைக்குப் பல் அடைக்க வரப்போகிறார்கள்? வீங்கினபின் பிடுங்கத்தான் வருவார்கள். புதன்கிழமை மதியம் அக்காவைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.  தன் மகளின் வீங்கிய கன்னம் எதிரிலேயே இருந்தும் செல்லக்கிளி சொன்னது இதுதான்:

“ஏட்டி, வாயத் தொறந்துராத. ஒங்கிட்ட யாரும் கேட்டாவளா? கேக்காத கேள்விக்கு என்னத்துக்குட்டி பதிலு?”

மறுநாள் காலை முத்துராணி டாக்டரின் அறைக் கதவுக்கு வெளியே பதினைந்து நிமிடம் நின்றாள். இரண்டு முறை திரும்பி மாடிப்படி வரை போனாள். பின் உள்ளே போய், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், அது வெயிலு இல்ல. நாந்தான். ரெண்டு கரண்டிக்கு மூணு சொட்டு விட்டுட்டேன்.”

டாக்டர் பேனாவை வைத்தார். “அம்பத்தெட்டுக்குமா?”

“மொத ஒம்போது பல்லுக்கு சரியாத்தான் விட்டேன். நீங்க சத்தம் போட்ட பொறகு எல்லாத்துக்கும் மூணு.”

டாக்டர் தாள்கட்டை எடுத்து, அடைத்த வரிசைப்படி எண்ணினார். முதல் ஒன்பதில் போயிருந்தது ஒன்றே ஒன்று. மற்ற நாற்பத்தொன்பதில் முப்பது. இரண்டாம் முறையும் எண்ணினார். முத்துராணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

“பயம், மேடம்.”

“இப்பம்?”

“இப்பமும் பயந்தான்.”

 டாக்டர், வெயிலைக் குறை சொன்ன அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். வேலைக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது, குழுதான் முடிவு செய்யும் என்றார். முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் முதலில் மறுபடி அடைத்தாக வேண்டும் என்றார். பிள்ளைகளின் தாளில் அறையின் வெப்பம் எழுத ஒரு கட்டம்கூடத் தான் வைக்கவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நடந்தத அப்படியே எழுது. நான் சத்தம் போட்டதையும் எழுது.”

முத்துராணி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அடியில் பழக்கத்தில் ‘உ’ என்று தொடங்கிவிட்டாள். டாக்டர் விரலை வைத்து நிறுத்தினார்.

“பேரு எழுது, முத்து.”

எழுதிய உ-வை அடித்தாள்.  ‘சு. முத்துராணி’ என்பதில் ‘ணி’ கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆராய்ச்சித் தாளில் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள், 2025 ஜூன் 12, வியாழக்கிழமை.