இரண்டு பெட்டிக் கல்

என் தங்கை செதுன்யா வென்றவை: ஏழு வயதில் அம்மை, பன்னிரண்டில் பாம்புக்கடி, பிறகு குடிகாரப் புருஷன். கடைசியாக எங்கள் ஊரான குருமானில், கல் கொட்டகையில் ஒரு வேலை. முப்பத்தெட்டுப் பேர் கேட்ட இடம். மூன்று நாள் வாசலில் நின்று வாங்கினாள்.

பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகளைப் பெட்டிகளில் அடுக்குவாள். பள்ளிக்கூடம் போகாதவள், எண்கள் மட்டும் தெரியும். வருகைப் புத்தகத்தில் பெருவிரல் ரேகைதான். அந்தக் கல், இருநூற்றைம்பது கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிப் பாசி. வெயிலைத் தின்று, நாம் மூச்சுவிடும் காற்றை முதலில் விட்ட உயிர் எப்போது வந்தது என்று, கல்லுக்குள் மிஞ்சிய எண்ணெயின் தடத்தில் தேடினார் ஆய்வாளர் ஹெஸ்டர்.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் குளிர்காலம்; வறண்ட காற்று கைகளைப் பிளந்துவிடும். வறண்டு சாம்பல் பூத்த கையோடு வெளியே போனால் வளர்த்தவர்களைத்தான் ஊர் ஏசும். களிம்பு டப்பாவை நான்தான் அவளுக்கு வாங்கித் தந்தேன். களிம்பும் மண்ணுக்கடி எண்ணெயில் செய்வதுதான் என்று எங்களுக்குத் தெரியாது.

மார்ச்சில் சோதனை முடிவு வந்தது. கல்லில் பழைய தடத்தோடு புது எண்ணெயும் கலந்திருந்தது. எந்தப் பெட்டி என்று தெரியாவிட்டால் அறுபத்துமூன்றையும் ஒதுக்க வேண்டும் என்றார் ஹெஸ்டர். மூன்று வருட உழைப்பு.

மேஸ்திரி மொலெஃபே அவளை ஓரமாக அழைத்தான். "கல்லுக்கு வாயில்ல அக்கா. நீயும் கொஞ்ச நாள் கல்லா இரு."

"கல்லு பேசும்னுதானேடா இத்தன பேரு காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு நேராக ஹெஸ்டரிடம் போனாள்.

"அம்மா, அது என் கைக் களிம்பு. கையுறை கிழிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு அடுக்குனது நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு. மத்ததெல்லாம் சுத்தம்."

அறுபத்தொரு பெட்டிகள் பிழைத்தன. ஆனால் ஹெஸ்டர் தேடிய அடுக்கு அந்த இரண்டில்தான் இருந்தது. அவர் திட்டவில்லை என்று தங்கை சொன்னாள். அலுவலகம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. அதன்பின் அவள் கல்லைப் பற்றிப் பேசவே இல்லை. ஜூலையில் நெஞ்சுச் சளி அவளைக் கொண்டுபோயிற்று.

தவறு தன்னுடையது என்று எழுதிய தாளில் ஒப்பமிட அழைத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். பெருவிரல் வைக்க எழுத்தர் மைப்பெட்டியை நீட்டினார். அவள் தள்ளிவைத்தாள்.

"வேணாண்ணே. இதுக்கு நானே எழுதுறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுத்த அவள் பெயர், ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. ஒன்றுகூடத் தப்பில்லை, கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நகல் என்னிடம் இருக்கிறது. தேதி: 2015 மார்ச் 12, வியாழக்கிழமை.