பதினாலுக்கு நடந்த அநியாயம்

எங்கள் பஸ் டிப்போவில் கட்டம் போடுவது அவள் வேலை. நாற்பத்திரண்டு டிரைவர்களில் யார் எந்த நேரத்தில் எந்த பஸ்ஸை எடுப்பது என்று மாதாமாதம் பெரிய தாளில் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டுவாள். டிப்போவுக்கே அவள் சார்ட்டக்கா. பக்கத்து மேசையில் கேஷியராகப் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டும் எனக்கு மட்டும் வெறும் 'ஏய்'. அவளுக்கு நானும் அப்படித்தான்.

அவள் புருஷனும் இங்கேதான் டிரைவர். பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டி ஓட்டி அவர் பெயரே பதினாலு ஆகிவிட்டது. சார்ட் போடுகிறவளின் புருஷனுக்கு நல்ல ஷிஃப்ட் கிடைக்கும் என்று நினைத்தால், உங்களுக்கு அவளைத் தெரியாது. யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஒருவருக்கும் பிடிக்காத உடைந்த ஷிஃப்டை நான்கு வருஷமாக அவர் தலையிலேயே கட்டினாள். காலை ஆறிலிருந்து பத்து, மறுபடி சாயங்காலம் நான்கிலிருந்து எட்டு. அந்த மனுஷரும் வாயைத் திறந்ததில்லை. அந்த வீட்டிலேயே விவரமானது அவர்கள் குழந்தைதான். அப்பா வீட்டில் இருக்கும் பத்துக்கும் நான்குக்கும் நடுவில் நேரம் பார்த்துப் பிறந்தது.

ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்து போன திங்கட்கிழமை திரும்பி வந்தாள். அதுவரை மேனேஜரே சார்ட் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர் போய் நிற்பார்கள், இன்னொரு பஸ்ஸுக்கு ஆளே இருக்காது. அவளைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவளுக்குத்தான் உயிர் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வாரம் நாத்தனார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஒன்றாம் தேதியிலிருந்து குழந்தைகள் காப்பகத்தில் விட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால்தான் இடம். அங்கே காலை அரைநாள், மாலை அரைநாள் என்றுதான் கணக்கு. அவள் எட்டரைக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறவள். பதினாலின் ஷிஃப்டுக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும். ஆனால் இரண்டு அரையும் சேர்ந்து முழு நாள் ஆகிவிடுமாம். முழு நாளுக்கான கட்டணம் அவள் சம்பளத்தில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். மாமியார் போனில் "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். பழமொழி இவ்வளவு துல்லியமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

விடை சுவரிலேயே இருந்தது. பதினாலுக்குக் காலை ஷிஃப்ட் போட்டால், ஐந்து மணிக்குப் போய் ஒரு மணிக்கு வந்துவிடுவார். குழந்தைக்குக் காலை அரைநாள் போதும், அதை அவர்களால் கட்ட முடியும். செவ்வாய்க்கிழமை அதை அவளிடம் சொன்னேன். தனக்கென்று வந்ததும் தன் புருஷனுக்கு மாற்றிக்கொண்டாள் என்று பேச்சு வரும், அதற்குப் பதில் வேலையையே விட்டுவிடலாம் என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. ரப்பரை எடுக்க நான் அவள் இழுப்பறையைத் திறந்தபோது ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்தேன், கையெழுத்தோடு. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மணி நேரம் அவளோடு பேசவில்லை.

அவளோடுதான் பேசவில்லை. என் வாயில் எது நின்றிருக்கிறது? டிரைவர்களில் மூத்தவரான மீசையிடம் போய் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மேனேஜர் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தார். பின்னாலேயே மீசையும் இன்னும் ஏழெட்டுப் பேரும். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"ஐயா, எங்கள் சக ஊழியர் பதினாலுக்கு நான்கு ஆண்டுகளாக இழைக்கப்பட்டுவரும் அநீதியைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அவர் செய்த ஒரே குற்றம், சார்ட் போடுபவரைக் கல்யாணம் செய்துகொண்டது."

கீழே நாற்பத்தோரு கையெழுத்து. பதினாலிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் போய் உளறிவிடுவார்.

"புகார் வந்தா நான் நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்மா. விளக்கம் குடுங்க," என்றார் மேனேஜர்.

"அவரு என் வீட்டுக்காரர்ங்கறதாலதான் சார்..."

"அதைத்தான் அவங்களும் எழுதியிருக்காங்க. பின்பக்கம் பாருங்க."

பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிரைவர் பெயர் போட்டிருந்தார்கள். உடைந்த ஷிஃப்டை எந்த மாதம் யார் எடுத்துக்கொள்வது என்ற பட்டியல். முதல் மாதத்தில் மீசை. கட்டங்கள் கோணல்மாணலாக இருந்தன, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தல். அவளிடம் கொடுத்திருந்தால் அழகாகப் போட்டிருப்பாள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எதுக்குண்ணா இந்தக் கஷ்டம்?" என்று மீசையைக் கேட்டாள்.

"நீ வேலைய விட்டுட்டா மறுபடியும் சாரே சார்ட் போடுவாரும்மா," என்றார் மீசை. "அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

எல்லோரும் போன பிறகு என்னை ஒரு முறை முறைத்தாள். யார் வாய் என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு இழுப்பறையைத் திறந்து ராஜினாமாக் கடிதத்தை வெளியே எடுத்தாள். கிழித்துப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். நல்ல தாளை வீணாக்குகிற ரகமா அவள்? திருப்பிப் போட்டு, ஸ்கேலை வைத்து, அடுத்த மாதத்துக்கான கட்டங்களை வரைந்து பார்க்க ஆரம்பித்தாள். காலை ஷிஃப்டில் முதல் கட்டத்தில் 'பதினாலு' என்று எழுதியபோது, அழுத்திய அழுத்தில் பென்சில் முனை உடைந்துவிட்டது.

"ஏய்," என்று கையை நீட்டினாள். என்னுடையதைக் கொடுத்தேன்.